அமெரிக்க உரிமைகளும் அவற்றைப் பெற்றுத் தந்த வழக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள், ஹாலிவுட் படம் பார்த்துச் சந்தேகம் வந்தவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. முழு வரலாறு அல்ல. எனக்குப் பிடித்த வழக்குகளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றிருக்கிறேன், மற்றவற்றை இரண்டு வரியில் தாண்டியிருக்கிறேன். இங்கே 'காங்கிரஸ்' என்று வந்தால் அது கட்சி அல்ல, அமெரிக்க நாடாளுமன்றம்.

பேச்சுரிமை, மத உரிமை எல்லாம் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தனவா?

இல்லை. 1787-ல் பிலடெல்பியாவில் எழுதி முடித்த சட்டத்தில் உரிமைப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. அரசாங்கம் எப்படி இயங்க வேண்டும் என்பதுதான் அதன் பெரும்பகுதி. பட்டியல் இல்லாமல் எப்படி ஒப்புதல் தருவது என்று பல மாநிலங்களில் சண்டை போட்ட பிறகுதான், 1791-ல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. பேச்சு, பத்திரிகை, மதம் எல்லாம் முதல் திருத்தத்தில் வருகின்றன. வீட்டைச் சோதனை போடுவதற்குக் கட்டுப்பாடு நான்காவதில். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்பது ஐந்தாவதில். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை ஆறாவதில்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இந்தப் பத்தும் மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தின. பால்டிமோரில் பாரன் என்பவருக்குக் கப்பல்துறை இருந்தது. நகராட்சி செய்த வேலைகளால் மண் அடித்துக்கொண்டு வந்து துறை தூர்ந்துபோக, கப்பல் வருவது நின்றது. ஐந்தாவது திருத்தப்படி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அந்தத் திருத்தம் மாநிலங்களுக்கும் அவற்றின் நகராட்சிகளுக்கும் பொருந்தாது என்று 1833-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. அன்றாடம் மக்களோடு உரசும் போலீஸ், பள்ளி, கீழ்க்கோர்ட் எல்லாம் மாநிலத்தின் கையில்தான். அப்படியென்றால் அந்தப் பட்டியலால் சாதாரண ஆளுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்டால், அன்றைக்கு அவ்வளவாக இல்லை என்பதுதான் பதில்.

காங்கிரஸ் போட்ட சட்டத்தையே 'செல்லாது' என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது?

சட்டப் புத்தகத்தில் அப்படி வெளிப்படையாக ஒரு வரி கிடையாது. நீதிமன்றம் தானே எடுத்துக்கொண்டது. 1801-ல் பதவி முடியும் நேரத்தில் அதிபர் ஜான் ஆடம்ஸ் அவசர அவசரமாகத் தன் ஆட்களுக்கு நீதிபதி நியமனங்கள் கொடுத்தார். வில்லியம் மார்பரிக்கு ஒரு சிறிய மாஜிஸ்திரேட் மாதிரியான வேலை. ஆணையில் கையெழுத்தாகி முத்திரையும் விழுந்துவிட்டது. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க நேரமில்லை. அடுத்து வந்த ஜெபர்சன் அரசு 'தர முடியாது' என்றது. மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1803-ல் தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆணை உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் இருந்தபோது வெளியுறவுச் செயலராக இருந்து முத்திரை போட்டதும் இதே மார்ஷல்தான். இன்றைக்கு என்றால் 'நீங்கள் இந்த வழக்கை விசாரிக்கக் கூடாது' என்று முதல் வாய்தாவிலேயே மனு விழுந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: மார்பரிக்கு அந்த வேலை சேர வேண்டியதே. ஆனால் நேராக இங்கே வழக்குப் போட வழி தரும் 1789-ம் ஆண்டுச் சட்டப் பிரிவே அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது, அதனால் செல்லாது. ஒரு சின்ன அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதுபோல் காட்டிப் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஜெபர்சனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் பக்கம்தானே வழக்கில் ஜெயித்திருந்தது!

அந்த அதிகாரத்தை நல்லதுக்குத்தான் பயன்படுத்தினார்களா?

அடுத்த முறை காங்கிரஸின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1857-ல், டிரெட் ஸ்காட் வழக்கில். அடிமை முறை இல்லாத பகுதிகளில் பல ஆண்டுகள் வாழ்ந்ததால் தனக்கு விடுதலை வேண்டும் என்று கேட்டவர் ஸ்காட். கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது, எனவே வழக்குப் போடவும் உரிமையில்லை என்று தலைமை நீதிபதி டேனி எழுதினார். ஏழுக்கு இரண்டு பெரும்பான்மை. அடிமை முறை பரவுவதைத் தடுத்த சட்டமும் அதோடு போனது. நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது.

போர் முடிந்ததும் வந்தவைதான் 13, 14, 15-வது திருத்தங்கள் (1865, 1868, 1870). இவற்றில் 14-வதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும், கீழே வரும் பாதி வழக்குகள் புரியும். அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது. அங்கே பிறந்தவர் குடிமகன். முறையான சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது. எந்த மாநிலமும் யாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது. பாரன் வழக்கின் ஓட்டையை இதை வைத்துத்தான் 20-ம் நூற்றாண்டில் ஒவ்வொரு உரிமையாக அடைத்தார்கள்.

பிறகு ஏன் இன்னும் நூறு ஆண்டுகள் இனப் பாகுபாடு நீடித்தது?

நீதிமன்றமே அதற்கு இடம் கொடுத்தது. லூசியானாவில் ரயில் பெட்டிகளை இனவாரியாகப் பிரித்திருந்தார்கள். 1892-ல் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். தற்செயல் அல்ல. நியூ ஆர்லியன்ஸில் ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்டு நடத்திய சோதனை வழக்கு அது. அவருடைய மூதாதையரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர் என்பதால், அவராகச் சொல்லியிருக்காவிட்டால் பார்த்துக் கண்டுபிடிப்பதுகூடச் சிரமம். 1896-ல் தீர்ப்பு: தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் தவறில்லை. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மாறுபட்டு, நம் அரசமைப்புச் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று எழுதினார்.

1954-ல் பிரவுன் வழக்கில் இது பள்ளிகளைப் பொறுத்தவரை முடிவுக்கு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல். கான்சாஸ் மாநிலம் டொபீகாவைச் சேர்ந்த சிறுமி லிண்டா பிரவுனின் பெயர்தான் நிலைத்தது. ஆனால் சேர்த்து விசாரித்த வழக்குகளில் என்னைக் கவர்ந்தது வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வழக்கு.

அங்கே கறுப்பின மாணவர்களின் மேல்நிலைப் பள்ளியில் இடம் போதவில்லை. தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டு அதில் வகுப்பு நடத்தினார்கள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி ஒரு திட்டம் போட்டார். பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் பொய்யாக ஒரு போன் வந்தது: உங்கள் மாணவர்கள் ஊருக்குள் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள் என்று. அவர் கிளம்பிப் போனதும் எல்லா மாணவர்களும் அரங்கில் கூடும்படி அறிவிப்பு போனது. திரை விலகினால் மேடையில் பார்பரா. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புதுக் கட்டடம் கேட்டுத் தொடங்கியது, இனப் பிரிவினையே கூடாது என்ற வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது.

பிரவுன் தீர்ப்பு வந்ததும் பள்ளிகள் ஒன்றாகிவிட்டனவா?

அதெல்லாம் இல்லை. எப்போது செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, 1955-ல் நீதிமன்றம் தேதி குறிக்காமல் 'உரிய நிதானத்தோடு கூடிய வேகத்தில்' என்றது. தென் மாநிலங்கள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துப்போக 1957-ல் அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. பிரின்ஸ் எட்வர்டு கவுன்ட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. சேர்த்துப் படிக்க வைப்பதைவிட மூடிவிடலாம் என்று 1959-ல் அரசுப் பள்ளிகளையே இழுத்துப் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகையோடு தனியார் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு 1964 வரை பள்ளியே கிடையாது. ஐந்து ஆண்டுகள் என்பது ஒரு குழந்தையின் ஆரம்பக் கல்வி முழுவதும்.

அப்படியென்றால் உண்மையில் மாற்றத்தைக் கொண்டுவந்தது எது?

தீர்ப்புக்குக் காலும் கையும் கொடுத்தவை இரண்டு சட்டங்கள்: 1964-ம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம், 1965-ம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம்.

ஓட்டல், திரையரங்கு போன்ற தனியார் இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்ய 1875-லேயே ஒரு சட்டம் வந்தது. 14-வது திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று 1883-ல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதனால் 1964-ல் காங்கிரஸ் முக்கியமாக வேறு கதவைத் தட்டியது: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். அலபாமாவில் கறுப்பினத்தவரை உள்ளே உட்காரவிடாத ஒரு இறைச்சி வறுவல் உணவகம் இதை எதிர்த்தது. உன் கடைக்கு வரும் இறைச்சி வேறு மாநிலத்திலிருந்து வந்ததுதானே, அப்படியானால் சட்டம் உனக்கும் பொருந்தும் என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. மனித கண்ணியத்தைக் காப்பாற்ற மாட்டிறைச்சி வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இது இன்றும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் வேலை நடந்தது.

வாக்குரிமைச் சட்டத்தின் பலனை ஒரு எண்ணில் சொல்லலாம். மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த கறுப்பினத்தவர் சட்டத்துக்கு முன் சுமார் 7 சதவீதம். இரண்டே ஆண்டுகளில் சுமார் 60 சதவீதம். பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன்அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அதன் பல். எந்தெந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் அளவுகோலை 2013-ல் ஷெல்பி கவுன்ட்டி வழக்கில் ஐந்துக்கு நான்கு என்று நீதிமன்றம் நீக்கியதும் அந்தப் பல் விழுந்தது.

ஏழைக்கு இலவச வக்கீல் என்பது எப்போது வந்தது?

1963-ல், பென்சிலால் எழுதிய ஒரு மனுவால்.

கிளாரன்ஸ் கிடியன் எட்டாம் வகுப்போடு நின்றவர், ஊர் ஊராகச் சுற்றியவர், சின்னத் திருட்டுகளுக்காக முன்பே சிறை பார்த்தவர். புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து, சிகரெட் இயந்திரத்திலிருந்து சில்லறையும் கொஞ்சம் மதுவும் எடுத்ததாக 1961-ல் கைது. கையில் காசில்லை, வக்கீல் வேண்டும் என்றார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றார் நீதிபதி. வக்கீல் பெற எனக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்கிறது என்று கிடியன் பதில் சொன்னார். உண்மையில் உச்ச நீதிமன்றம் அதுவரை அப்படிச் சொல்லியிருக்கவில்லை! தானே குறுக்கு விசாரணை செய்து பார்த்தார். ஐந்து ஆண்டுத் தண்டனை.

சிறை நூலகத்தில் சட்டப் புத்தகம் புரட்டி, சிறைக் காகிதத்தில் பெரிய பெரிய எழுத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாட்டின் பெரிய வக்கீல்களில் ஒருவரான ஏப் போர்ட்டாஸை அவருக்காக வாதாட நியமித்தார்கள். புளோரிடா அரசு தனக்கு ஆதரவு தரச் சொல்லி மற்ற மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது. போட்டிருக்கவே வேண்டாம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியன் பக்கம் நின்று மனு போட்டன. தீர்ப்பு ஒருமனதாக அவருக்குச் சாதகம்.

அது விடுதலை அல்ல, மறுவிசாரணை. இந்த முறை உள்ளூர் வக்கீல் ஒருவர் இருந்தார். முதல் தடவை யாரும் கேட்காத கேள்விகளை முக்கிய சாட்சியிடம் கேட்டார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் 'குற்றவாளி அல்ல' என்றது. அதே ஆள், அதே குற்றச்சாட்டு, அதே சாட்சி. புதிதாக வந்தவர் வக்கீல் ஒருவர்தான்.

படங்களில் போலீஸ் விலங்கு மாட்டிக்கொண்டே ஏதோ ஒப்பிப்பார்களே, அது சொல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடியா?

ஆகாது. 1966-ம் ஆண்டு மிராண்டா தீர்ப்பின்படி, காவலில் வைத்து விசாரிக்கும் முன் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பேசாமல் இருக்கலாம். பேசினால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம். விசாரணையின்போது வக்கீல் உடன் இருக்கலாம். காசில்லை என்றால் வக்கீல் தரப்படும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக வைக்க முடியாது, அவ்வளவுதான். மற்ற சாட்சியங்கள் இருந்தால் வழக்கு நடக்கும். அந்த வழக்கில் ஜெயித்த மிராண்டாவுக்கே மறுவிசாரணையில் அந்த வாக்குமூலம் இல்லாமலேயே தண்டனை கிடைத்தது. இன்னொன்று: 2010-ல் வந்த ஒரு தீர்ப்புப்படி, சும்மா பேசாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. வாயை மூடிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

விசாவில் இருப்பவர்களுக்கும் இந்த உரிமைகள் உண்டா?

பெரும்பாலும் உண்டு. முறையான சட்ட நடைமுறை, சமமான சட்டப் பாதுகாப்பு என்று 14-வது திருத்தம் சொல்லும் இரண்டு இடங்களிலும் இருக்கும் சொல் 'குடிமகன்' அல்ல, 'நபர்'. சான்பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சுமார் 200 சீனர்கள் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்களில் ஒரே ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. விதி பார்க்க நியாயமாக இருந்தாலும் அமல்படுத்துவதில் பாகுபாடு இருந்தால் செல்லாது, வெளிநாட்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1886-ல் யிக் வோ வழக்கில் சொன்னார்கள். ஆனால் நாட்டுக்குள் வர விடுவது, விசாவை ரத்து செய்வது ஆகியவற்றில் அரசின் கை மிக நீளம். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை என்பது எந்த வழக்கு?

வோங் கிம் ஆர்க், 1898. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர். சீனா போய்த் திரும்பியவரை இறங்க விடாமல் கப்பல்களிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஆறுக்கு இரண்டு என்று அவர் குடிமகனே என்றது நீதிமன்றம். தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்று 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட, கீழ் நீதிமன்றங்கள் உடனே அதை நிறுத்தி வைத்தன. இந்த விஷயத்தில் மட்டும், படிக்கும் தேதியில் நிலைமை என்ன என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே பிறக்காமல், குடியேறிக் குடியுரிமை வாங்குவது வேறு கதை. அன்றைய சட்டப்படி வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும்தான் அந்த வழி இருந்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், தான் மானுடவியல்படி காக்கேசியர், எனவே 'வெள்ளையர்' என்று வாதிட்டார். சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு ஜப்பானியரின் வழக்கில் 'வெள்ளையர் என்றால் காக்கேசியர்' என்று இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இவருக்கு வந்ததும் அறிவியல் வேண்டாம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்பான் என்று பார்ப்போம் என்று மாற்றிக்கொண்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-ல் தான் இந்தியருக்கு வழி திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர். 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகுதான் நம்மூர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் குடும்பம் குடும்பமாகப் போக முடிந்தது.

அமெரிக்காவில் என்ன வேண்டுமானாலும் பேசலாமா?

கிட்டத்தட்ட. திரையரங்கில் பொய்யாகத் 'தீ' என்று கத்தக் கூடாது என்ற உதாரணத்தை எல்லாரும் சொல்வார்கள். அது 1919-ல் போர்க்கால ஆள்சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை அடித்தவரைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பில் வருவது! இன்றைய விதி 1969-ம் ஆண்டு பிராண்டன்பர்க் வழக்கில் வந்தது: உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் தண்டிக்கலாம். இதெல்லாம் அரசுக்குத்தான். உங்கள் முதலாளியோ சமூக ஊடக நிறுவனமோ உங்களை வெளியே அனுப்பினால் முதல் திருத்தம் வந்து நிற்காது.

நம்மூரோடு நேரடித் தொடர்புள்ள வழக்கு நியூயார்க் டைம்ஸ் எதிர் சலிவன், 1964. மார்ட்டின் லூதர் கிங்குக்கு நிதி திரட்டும் விளம்பரத்தில் சில தவறுகள்: கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று போட்டிருந்தார்கள். மான்ட்கோமரி நகர அதிகாரி சலிவன், தன் பெயரே அதில் இல்லாதபோதும், அவதூறு என்று வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொய் என்று தெரிந்தே எழுதினால், அல்லது பொய்யா மெய்யா என்று சற்றும் கவலைப்படாமல் எழுதினால் ஒழிய, பொது அதிகாரி தன் பணி குறித்த எழுத்துக்காக நஷ்டஈடு வாங்க முடியாது என்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவதைத் தமிழகச் சிறைத் துறை தடுக்கப் பார்த்தபோது, இந்திய உச்ச நீதிமன்றம் 1994-ல் இந்தச் சலிவன் வழக்கை எடுத்துப் பேசித்தான், அதிகாரிகள் முன்கூட்டித் தடை போட முடியாது என்றது.

பெண்களுக்கு வாக்குரிமை தந்ததும் நீதிமன்றமா?

இல்லை. 1875-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1920-ல் 19-வது திருத்தம்தான் தந்தது. திருத்தம் நிறைவேறத் தேவையான ஒப்புதலில் ஒரு மாநிலம் குறைந்தபோது டென்னசி மாநிலச் சட்டசபையில் வாக்கெடுப்பு. எதிரணியின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் ஆதரவாக வாக்களித்துவிட்டார். ஆதரித்து வாக்களி என்று அவருடைய அம்மா எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

ஒரு தடவை கிடைத்த உரிமை திரும்பப் போகுமா?

போகும். கருக்கலைப்பு உரிமையை 1973-ல் ரோ வழக்கு தந்தது, 49 ஆண்டுகள் கழித்து 2022-ல் டாப்ஸ் வழக்கு எடுத்துக்கொண்டது. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டாப்ஸில் நீதிபதி தாமஸ், தன்பாலினத் திருமணத் தீர்ப்பையும் (2015) மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். பயந்துபோன காங்கிரஸ் அதே ஆண்டு டிசம்பரில் அத்தகைய திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு போட்டது. நேர்மாறாகவும் நடக்கும். கொடிவணக்கத்தைப் பள்ளிக் குழந்தைகள் மேல் திணிக்கலாம் என்று 1940-ல் சொன்ன நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், அதுவும் போர் நடக்கும்போது, கூடாது என்று மாற்றிக்கொண்டது. 1986-ல் கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தது.

இந்த வழக்குகளில் பெயர் வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

மார்பரிக்கு அந்த வேலை கடைசி வரை கிடைக்கவில்லை. டிரெட் ஸ்காட் தோற்ற சில மாதங்களில் வேறு வழியாக விடுதலை பெற்று, அடுத்த ஆண்டே காசநோயில் இறந்தார். பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். அதற்கு லூசியானா மன்னிப்பு வழங்கியது 2022-ல், அவர் இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமை முறை பக்கம் நின்ற தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் சிலையை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு அந்த மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை. கிடியன் 1972-ல் இறந்தார்.

மிராண்டா சிறையிலிருந்து வந்ததும், போலீஸ் வாசிக்கும் அந்த எச்சரிக்கை அட்டைகளில் கையெழுத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். 1976-ல் பீனிக்ஸ் நகர மதுக்கடைச் சண்டையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தபோது சட்டைப்பையில் சில அட்டைகள் இருந்தன. பிடிபட்ட சந்தேக நபருக்குப் போலீஸ் அதே வாசகங்களைப் படித்துக் காட்டியது. அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.